பறக்கும் லீஸ்பெத்

எல்லர்ன்பர்க்கில் நகர் வழிகாட்டியாக விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியது வரலாறன்று. நிற்கக் கற்க வேண்டும். வெயில் வழிகாட்டியின் கண்ணில் விழலாம், கூட்டத்தின் கண்ணில் விழக்கூடாது. நடந்துகொண்டே பேசக்கூடாது. எவருடைய வாசலையும் மறிக்கக்கூடாது. நண்பகலில் புனித யாக்கோபு ஆலயத்தின் மணி நான்கு நிமிடம் அடிக்கும். அந்த நான்கு நிமிடமும் வாய் திறக்கக்கூடாது. உலா முழுவதும் தொண்ணூறு நிமிடம். ஐந்து நிமிடம் கூடலாம், ஐந்து நிமிடம் குறையலாம். ஆறாவது நிமிடம் தோல்வி.

ரோஸ்வித்தா ஹாக்கே இவற்றில் முதல் இரண்டையும் மார்ச் மாதத்தில் மீறித் தேர்வில் தோற்றாள். நடந்துகொண்டே பேசினாள், பேசிய பேச்சு பின்னால் வந்த பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. சந்தைச் சதுக்கத்தில் கூட்டத்தைச் சூரியனைப் பார்த்து நிறுத்தினாள். பதினான்கு பேரும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அவளுக்கு வணக்கம் செலுத்துகிறவர்களைப்போல் நின்றார்கள். விதிப்படி மீண்டும் ஒரே ஒரு முறை முயலலாம், மூன்றாம் முறை கிடையாது.

அவள் இருபத்துநான்கு ஆண்டுகள் இதே ஊரின் பெரிய துணிக்கடையில் திரைச்சீலைப் பிரிவில் நின்றவள். கடை மூடப்பட்டது. வேலைவாய்ப்பு அலுவலகம் வழிகாட்டிப் பயிற்சிக்கு அனுப்பியது; தேறாவிட்டால் நெடுஞ்சாலையோரப் பொட்டலக் கிடங்கில் இடம் காலியாக இருப்பதாகக் கடிதமும் அனுப்பி வைத்தது. ஐம்பத்திரண்டு வயதில் பொட்டலம் தூக்கப் போவதா, இல்லை வழிகாட்டியின் வில்லையை மார்பில் குத்திக்கொள்வதா என்பதைச் செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் தொண்ணூறு நிமிடங்கள் தீர்மானிக்க இருந்தன.

தேர்வாளர்கள் இருவர். சுற்றுலா அலுவலகத்தின் தலைவர் டீட்மார் பூல்மான் ஒருவர். நகர ஆவணக் காப்பகத்தின் முனைவர் அல்முட் ஸ்டீகர் மற்றொருவர். உலாவின்போது இருவரும் கூட்டத்தின் பின்னால் வரவேண்டும், எழுத வேண்டும். ஒரு சொல்லும் பேசக்கூடாது. தேறியதாக இருவருமே கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் இல்லை.

கூட்டம் வழக்கமான கூட்டம்தான்: ஓல்டன்பர்க்கிலிருந்து வந்த பெண்களின் பந்துருட்டும் கழகத்தார் பதினொரு பேர், எல்லாரும் ஒரே ஊதாநிறச் சட்டையில், அவர்களோடு காஸலில் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற நோல்டே என்ற மனிதர், தனியாக, கையில் மடித்த வரைபடத்தோடு.

"இன்னைக்கு இது எனக்குப் பரீட்சை. பின்னால எழுதிக்கிட்டு வர்ற ரெண்டு பேரையும் நீங்க கண்டுக்க வேண்டாம்" என்று தொடங்கினாள் ரோஸ்வித்தா.

"பரீட்சையா? அப்ப நாங்க கைதட்டினா மார்க் கூடுமா?" என்றார் கெர்லிண்டே. கழகத்தின் தலைவி, தோள்பையில் சிறு சூனியக்காரிப் பொம்மை ஒன்று துடைப்பத்தோடு ஆடிக்கொண்டிருந்தது.

"கூடாதுங்க."

"அழுதா?"

"அழுதா நேரம்தான் போகும்."

"சரி, அழல. அடியே, யாரும் அழாதீங்கடி!"

முதல் ஐந்து நிறுத்தங்களும் பழுதின்றிக் கடந்தன. சந்தைச் சதுக்கத்தில் கூட்டத்தின் முதுகுக்கு வெயில் கிடைத்தது. கடைசி ஆள் வந்து சேர்ந்தபின்பே அவள் வாய் திறந்தாள். தச்சர் சங்கத்து வீட்டின் முன்னே மட்டும் நோல்டே கையைத் தூக்கினார்.

"நீங்க ஆயிரத்து ஐந்நூத்து நாப்பதுங்கறீங்க. உத்திரத்துல நாப்பத்தொண்ணுன்னு செதுக்கியிருக்கு."

"கட்ட ஆரம்பிச்சது நாப்பதுல, ஹெர் நோல்டே. குடி போனப்ப செதுக்கினது நாப்பத்தொண்ணுல."

"அதைச் சொல்லியிருக்கலாமே."

"இப்ப நீங்க கேட்டதால சொல்லிட்டேன்."

"இவர் வீட்டுலயும் இப்படித்தான் இருப்பாரோ?" என்று கெர்லிண்டே பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார், நோல்டேவுக்குக் கேட்கும்படியாகவே. நோல்டே வரைபடத்தைப் பிரித்து முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டார்.

ஆறாம் நிறுத்தம் சூனியக்காரி கோபுரம்.

எல்லர்ன்பர்க்கின் பிழைப்பு அந்தக் கோபுரத்தைச் சுற்றித்தான் இருந்தது. பூல்மான் பதினைந்தாண்டுகளுக்கு முன் பதவிக்கு வந்தபோது இந்த ஊரில் இறங்கியவர்கள் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் மட்டுமே. அவர்தான் பறக்கும் லீஸ்பெத்தைத் தூசி தட்டி எடுத்தார். சிறையிருந்த சூனியக்காரி லீஸ்பெத், கொலைத்தண்டனை நிறைவேற்ற வந்தவன் கதவைத் திறந்த நொடியில், மூலையில் கிடந்த துடைப்பத்தில் ஏறிச் சாளரத்தின் வழியே பறந்துபோனாள். வாய்பிளந்து நின்றவனின் தொப்பியையும் பிடுங்கிக்கொண்டு போனாள். இதுதான் கதை. கோபுரத் தெருவில் பதினாறு கடைகளில் லீஸ்பெத் தொங்கினாள். பொம்மையாக, மெழுகுவத்தியாக, தேன் ரொட்டியாக, மதுக்குப்பியாக. ஏப்ரல் மாதத்துக் கடைசி நாளில் தீயணைப்புப் படையினர் கோபுர உச்சியிலிருந்து ஒரு பெண்ணைக் கயிற்றில் இறக்குவார்கள்; ஊரே கைதட்டும். வழிகாட்டிகளுக்கென அலுவலகம் தந்த உரைத்தாளில் ஆறாம் நிறுத்தத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். அதை எழுதியவரும் பூல்மான்தான். தொப்பியைப் பிடுங்கும் இடத்தில், 'இங்கே சற்று நிறுத்திச் சிரிப்புக்கு இடம் தரவும்' என்று அடைப்புக்குள் குறித்திருந்தார்.

ரோஸ்வித்தாவுக்கு அந்த ஒன்றரைப் பக்கமும் மனப்பாடம். வேறொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மார்ச்சில் தோற்றபிறகு, உள்ளடக்கத்திலாவது ஒரு புள்ளி குறையக்கூடாது என்று வியாழன்தோறும் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்தாள். முதல் மூன்று வாரம் பழைய எழுத்துகள் எறும்பு ஊர்வதைப்போல் இருந்தன. நான்காம் வாரம் சொற்களாயின. வழக்கின் பதிவேட்டில் லீஸ்பெத் இருந்தாள். கோபுரம் இல்லை, துடைப்பம் இல்லை. இதையெல்லாம் அல்முட் ஸ்டீகர் பன்னிரண்டாண்டுகளுக்கு முன்பே நகரின் விழா மலரில் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் எழுதியிருந்தார். விழா மலர் எல்லா வீட்டு அலமாரியிலும் இருந்தது. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தை எவரும் திருப்பியதாகத் தெரியவில்லை.

ஆயினும் அவள் தீர்மானித்தே வந்திருந்தாள். முதலில் வில்லை, மற்றவை பிறகு. தேர்வு நாளில் உரைத்தாளில் உள்ளபடியே சொல்லிவிடுவது. சொன்னாள். நன்றாகவே சொன்னாள். தொப்பி பிடுங்கும் இடத்தில் நிறுத்தினாள், சிரிப்பு வந்தது. பின்வரிசையில் பூல்மானும் தாளைப் பார்த்தபடி தலையசைத்தார்.

சிரிப்பு ஓய்ந்தபின் கழகத்துப் பெண்களில் அதுவரை பேசாதிருந்த ஒருவர், மெலிந்த உருவம், ஹெல்மா என்று பெயர், கேட்டார்:

"இது நிஜமா நடந்ததா?"

"என்னடி, துடைப்பத்துல பறந்ததையா கேக்குற?" என்றார் கெர்லிண்டே.

"அதை இல்லடி. அந்தப் பொம்பளையைக் கேக்குறேன். அப்படி ஒருத்தி இருந்தாளான்னு."

கேள்வி எளியது. 'கர்ணபரம்பரைக் கதைதான்' என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்யாகாது. உலா ஏழாம் நிறுத்தத்துக்கு நகர்ந்திருக்கும். அந்தச் சொல் ரோஸ்வித்தாவின் நாவரை வந்தது. ஆனால் கேட்டவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, 'துவைச்சா சுருங்குமா?' என்று கேட்டு நிற்பவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள்.

"இருந்தாங்க" என்றாள் ரோஸ்வித்தா. "ரொட்டி சுடுற ரோடேவால்டுங்கறவரோட மனைவி. வயசு நாப்பத்தாறு."

"தப்பிச்சாங்களா?"

"இல்லைங்க."

பின்னால் எழுதுகோலின் முனை ஒடியும் ஒலி கேட்டது. பூல்மான் சட்டைப்பையில் வேறொன்றைத் தேடினார்.

நோல்டே வரைபடத்தைத் தாழ்த்தினார். "இந்தக் கோபுரத்துலதான் அடைச்சு வச்சிருந்தாங்களா? எனக்கு முதல்லயே சந்தேகம். சுவர் இவ்வளவு கனம், கதவு இவ்வளவு சின்னது. ஆளை அடைக்கிற கட்டடம் மாதிரி இல்லையே."

"இது வெடிமருந்து வச்சிருந்த கோபுரம், ஹெர் நோல்டே. இங்க யாரையும் அடைக்கல. ஒரு நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னால ஊரை அழகுபடுத்துற சங்கம்னு ஒண்ணு இருந்துச்சு. தபால் அட்டையில படம் போட்டு விக்கறதுக்கு அவங்க வச்ச பேருதான் சூனியக்காரி கோபுரம்."

"அப்ப எங்க வச்சிருந்தாங்க?"

ரோஸ்வித்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழாம் நிறுத்தம் சிங்க ஊற்று. எட்டாம் நிறுத்தம் தொப்பிக்காரர் சந்து. ஒன்பதாவதும் கடைசியுமான நிறுத்தம் நகர மன்றம். நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு.

"வாங்க" என்றாள்.

அவர்கள் சிங்க ஊற்றைக் கடந்தபோது அவள் நிற்கவில்லை. தொப்பிக்காரர் சந்தையும் பேசாமல் கடந்தாள். பூல்மானின் காலடிகள் கூட்டத்தின் பின்னே வேகம்கொண்டன. ஆனால் வாய்க்கு விதி பூட்டு போட்டிருந்தது.

நகர மன்றத்தின் வலப்பக்கத்தில் ஏழு படி இறங்கினால் நிலவறை. எண்பது ஆண்டுகளாக அது உணவகம். வளைந்த கற்கூரை, நீண்ட மேசைகள், வாசலில் பித்தளைப் பலகையில் அன்றைய உணவின் பெயர். படிகளின் மேல்வாயிலில் நின்றால்தான் உள்ளே கடைசி வளைவுவரை கண்ணுக்குத் தெரியும்; வேறெங்கு நின்றாலும் தெரியாது. ரோஸ்வித்தா கூட்டத்தை அங்கேயே நிறுத்தினாள். வாசல் முழுவதும் ஊதாநிறச் சட்டைகளால் அடைபட்டது.

அவள் வாய் திறக்கும் நேரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது.

நான்கு நிமிடம். ஒன்பது அங்குல மரக்கதவையும் துளைக்கிற ஓசை. பேசினாலும் எவருக்கும் கேட்காது. பேசக்கூடாது என்பதும் விதி. பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருட்டான வளைவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் நிமிடத்தில் யாரோ ஒருவர் புகைப்படம் எடுத்தார். இரண்டாம் நிமிடத்தில் எடுக்கவில்லை. அல்முட் ஸ்டீகர் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுதுகோலைக் காதின் மேல் செருகிக்கொண்டார்.

மணி ஓய்ந்ததும் முதலில் கேட்ட குரல் உணவகத்துக்காரன் எக்பெர்ட்டின் குரல். இவளோடு ஒரே பள்ளியில் படித்தவன். இடுப்பில் துணி கட்டி, கையில் பெரிய கரண்டியோடு படியேறி வந்தான்.

"ரோஸி! என் வாசல்ல என்ன ஊர்வலம்? சாப்பிட வர்றவன் எப்படி உள்ள வருவான், புகைபோக்கி வழியாவா?"

"பத்து நிமிஷம், எக்பெர்ட்."

"பத்து நிமிஷமா? என் பன்னி வறுவல் ஆறிப்போச்சுன்னா உன் தலையிலதான் கொட்டுவேன்."

"கொட்டு. இப்ப கொஞ்சம் ஓரமா நில்லு."

"என் கடையில என்னையே ஓரமா நிக்கச் சொல்றா பாருங்க!" என்று கூட்டத்திடம் முறையிட்டான், ஆனால் ஓரமாக நின்றான்.

ரோஸ்வித்தா குரலை உயர்த்தவில்லை. பதிவேட்டில் இருந்த வரிசையிலேயே சொன்னாள்.

ஆயிரத்து அறுநூற்று முப்பதாம் ஆண்டு, பிப்ரவரி. பக்கத்து வீட்டில் காய்ச்சிய பியர் மூன்று முறை புளித்துப்போனது. லீஸ்பெத் ரோடேவால்ட் அந்த வழியே நடந்தாள் என்று சாட்சி சொன்னார்கள். அவள் ஒவ்வொரு நாளும் அந்த வழியேதான் நடந்தாள். ரொட்டிக் கடைக்கு வேறு வழியில்லை. இந்த நிலவறையின் கடைசி வளைவில் இருபத்தாறு நாள் வைத்திருந்தார்கள். முதல் விசாரணையில் மறுத்தாள். இரண்டாம் விசாரணையில் மறுத்தாள். மூன்றாம் விசாரணையில் கால்களுக்கு இரும்புத் திருகு போட்டார்கள், அப்போது ஒப்புக்கொண்டாள். மறுநாள் திருகு இல்லாதபோது, 'நேற்றுச் சொன்னதெல்லாம் பொய், வலிக்குப் பயந்து சொன்னேன்' என்றாள். மறுபடியும் திருகினார்கள். எழுத்தர் அவள் பேச்சில் ஒன்றை மட்டும் அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்: 'ஐயாமாரே, நான் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள், சொல்கிறேன்.'

"பறந்துபோனாங்கன்னு கதை சொல்றோம்" என்றாள் ரோஸ்வித்தா. "அன்னைக்கு அவங்களால நடக்கவே முடியல. எரிக்கிற இடத்துக்கு எரு அள்ளுற கைவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. தீர்ப்பை இதோ இந்த வாசப்படியில நின்னுதான் வாசிச்சாங்க. மூணு வருஷத்துல இந்த ஊர்ல இப்படிக் கொன்னது பதினாலு பேரை. பன்னிரண்டு பொம்பளை, ரெண்டு ஆம்பளை."

பதினான்கு பெயர்களையும் சொன்னாள். தாளைப் பார்க்காமல் சொன்னாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எக்பெர்ட் கரண்டியைத் தாழ்த்திப் பிடித்திருந்தான். "கடைசி வளைவா? அங்க சுவத்துல ஒரு இரும்பு வளையம் இருக்கே. அதுலயா?"

"அதுலதான் சங்கிலி."

"அதுல நான் உப்புக்கண்டம் போட்ட பன்னித் தொடையை மாட்டி வச்சிருக்கேன், ரோஸி. பார்க்க நல்லா இருக்குன்னு ஆளுங்க போட்டோ எடுப்பாங்க." பின்வரிசையைப் பார்த்தான். "டீட்மார்! உனக்கு இது தெரியுமா?"

தேர்வாளர் பேசக்கூடாது. பூல்மான் தாளைப் பார்த்தார். எழுதவும் இல்லை.

"அப்ப நான் வாங்கின பொம்மையெல்லாம் என்ன பண்றது?" என்று கெர்லிண்டே கேட்டார். குரலில் கேலி இல்லை, மனத்தாங்கல் இருந்தது. "பேரப்பிள்ளைங்களுக்குன்னு ஆறு வாங்கியிருக்கேன்."

"அது உங்க விருப்பங்க" என்றாள் ரோஸ்வித்தா.

"என் விருப்பம்னா... கொண்டுபோய்க் குடுக்கத்தான் போறேன். சும்மா போட முடியுமா?"

"நான் குடுக்க மாட்டேன்" என்றார் ஹெல்மா.

"நீ வாங்கவே இல்லையேடி!"

உலா அங்கேயே முடிந்தது. தொண்ணூற்று நான்கு நிமிடம். நோல்டே கைகுலுக்கினார், விசாரணை பிப்ரவரியில் தொடங்கியதா, முடிந்ததா என்று கேட்டு விடையைக் குறித்துக்கொண்டார். கழகத்தார் பதினொருவரும் அப்படியே படியிறங்கிப்போய் உணவுக்கு அமர்ந்தார்கள். பசி வேளை அது. பன்றி வறுவல் ஆறியிருக்கவில்லை.

முடிவு சொல்லும் அறை சுற்றுலா அலுவலகத்தின் பின்கட்டில் இருந்தது. மூன்று பக்கமும் விளம்பரத் தாள்களின் கட்டுகள். ஒவ்வொரு கட்டின் மேலும் லீஸ்பெத் தொப்பியை ஆட்டிக்கொண்டு பறந்தாள். பூல்மான் மூன்று கோப்பைகளில் காப்பி ஊற்றினார். அவர் கெட்டவரல்லர், கோபத்திலும் சர்க்கரை எத்தனை என்று கேட்கிறவர்.

"உக்காருங்க, ஃப்ராவ் ஹாக்கே. குரல் நல்லா இருந்துச்சு. நின்ன இடம் சரி. மணி அடிக்கும்போது பேசல. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்."

"நன்றிங்க."

"ரெண்டு நிறுத்தத்தை விட்டுட்டீங்க. வாசலை மறிச்சீங்க. அதையெல்லாம் நான் மறந்துடறேன். எக்பெர்ட் புகார் குடுக்கப் போறதில்லை." அவர் இரண்டு படிவங்களை எடுத்து மேசையின்மேல் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்றின் தலைப்பில் 'தேறினார்' என்றிருந்தது, மற்றதில் 'தேறவில்லை'. "ஒரே ஒரு கேள்வி. நாளைக்கு வில்லையைக் குத்திக்கிட்டுக் கோபுரத்துக்கு முன்னால நின்னா என்ன சொல்லுவீங்க?"

"வெடிமருந்துக் கோபுரம்னு சொல்லுவேன்."

"கதையைக் கதையாவது சொல்லுங்களேன். 'கதை இப்படிச் சொல்லுது'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கங்க. யாருக்கும் நஷ்டமில்லை."

"அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். இன்னைக்கு அந்தம்மா கேட்டப்புறம் முடியல."

பூல்மான் எழுந்து சாளரத்தருகே போனார். வெளியே கோபுரத் தெருவில் ஒரு கடைக்காரி தேன் ரொட்டிகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊர்ல ஒரு தொழிற்சாலை இருக்கா, ஃப்ராவ் ஹாக்கே? உங்க துணிக்கடையை மூடினப்ப யாராவது ஓடி வந்தாங்களா? இருக்கறது இந்தக் கோபுரம் ஒண்ணு. பதினாறு கடை இதுல பிழைக்குது. அந்தப் பொம்பளை செத்து நானூறு வருஷம் ஆகப்போகுது. உயிரோட இருக்கறவங்களை யார் பார்க்கறது?"

இது வெற்றுப்பேச்சன்று என்பது ரோஸ்வித்தாவுக்குத் தெரியும். பதினாறு கடைக்காரர்களில் ஒன்பது பேரை அவள் பெயர் சொல்லி அழைப்பாள். அவர்களில் இருவர் அவளோடு திரைச்சீலைப் பிரிவில் நின்றவர்கள்.

"நான் இருபத்துநாலு வருஷம் வியாபாரத்துல நின்னவ, ஹெர் பூல்மான்" என்றாள். "செயற்கை நூலை எவ்வளவோ வித்திருக்கேன். நல்லா உழைக்கும்னு சொல்லித்தான் வித்தேன். ஒரு நாளும் பட்டுன்னு சொல்லி வித்ததில்லை. இன்னைக்கு அதை ஆரம்பிக்க மாட்டேன்."

"அப்ப எனக்கு வேற வழியில்லை" என்றார் பூல்மான். உட்கார்ந்தார். 'தேறவில்லை' என்ற படிவத்தைத் தம் பக்கம் இழுத்துத் தேதியைப் போட்டார்.

ரோஸ்வித்தா காப்பியைத் தொடவில்லை. கிடங்கில் காலை வேலை ஐந்து மணிக்குத் தொடங்கும் என்று கடிதத்தில் இருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

அல்முட் ஸ்டீகர் அந்தப் படிவத்தை எட்டிப் பார்த்தார். அவர் குளிர்ந்த பேச்சுக்காரர். முப்பத்தெட்டு வயதுதான், ஆனால் ஓய்வுபெறப் போகிறவரைப்போலப் பேசுவார். "காரணம்னு ஒரு வரி இருக்கு, டீட்மார். அதுல என்ன எழுதப் போறே?"

"உள்ளடக்கத்துல தவறுன்னு."

"தவறு இல்லையே. அவங்க சொன்ன ஒவ்வொரு வரிக்கும் என்கிட்ட ஏடு இருக்கு. நான் அதுக்குக் கையெழுத்துப் போடுவேன்."

"அப்ப, அலுவலகம் குடுத்த உரையை விட்டு விலகினாங்கன்னு எழுதறேன்."

"எழுது. எழுதிட்டு, அந்தத் தாளோட ஒரு படியை ஓய்வூதியக் காப்பீட்டுக்காரங்களுக்கும் நீயே அனுப்பிடு."

பூல்மானின் கை நின்றது.

மூன்றாண்டுகளுக்கு முன் நடந்தது அது. ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் நகராட்சிக்கு ஒரு கேள்வி அனுப்பியது: உங்கள் வழிகாட்டிகள் இருபத்தொன்பது பேரும் சுயமாகத் தொழில் செய்கிறவர்களா, உங்கள் ஊழியர்களா? என்ன பேச வேண்டும் என்பதை நகராட்சியே கட்டளையிட்டால் அவர்கள் ஊழியர்கள். ஊழியர்கள் என்றால் இருபத்தொன்பது பேருக்கும் ஓய்வூதியப் பங்கு, நோய்க்கால ஊதியம், விடுப்பு, எல்லாம், பின்தேதியிட்டு. வழக்கறிஞரின் யோசனைப்படி விதிநூலில் ஒரு வாக்கியம் சேர்க்கப்பட்டது. 'வழிகாட்டி தமது உரையைத் தாமே தீர்மானிப்பார்; அலுவலகத்தின் உரைத்தாள் பரிந்துரை மட்டுமே.' அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவரும், நகர மன்றத்தில் எழுந்து நின்று வழிகாட்டிகளின் சுதந்திரம் குறித்துப் பத்து நிமிடம் பேசியவரும் பூல்மான்தான். அந்தப் பேச்சு உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு வந்தது.

ஓய்வூதியத்துக்கு அஞ்சி எழுதப்பட்ட சுதந்திரம், ஆனாலும் எழுதப்பட்டுவிட்டது.

"அது வேற விஷயத்துக்காக எழுதினது" என்றார் பூல்மான்.

"எதுக்காக எழுதினதுன்னு அந்த வாக்கியத்துல இல்லையே" என்றார் அல்முட்.

பூல்மான் விதிநூலை எடுத்துப் பிரித்தார். தாம் எழுதியதைத் தாமே இருமுறை படித்தார். வாசலை மறித்தது ஒரு குறை. அதற்குப் புள்ளி கழியுமே தவிரத் தோல்வி இல்லை. விட்டுப்போன நிறுத்தங்கள் இரண்டு. மூன்று விட்டால்தான் தோல்வி. நேரம் தொண்ணூற்று நான்கு. எங்கும் இடமில்லை. தேதி போட்ட படிவத்தைச் சீராக நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் இட்டார், கிழிக்கவில்லை. மற்ற படிவத்தை எடுத்தார், கையெழுத்திட்டார். அல்முட் அதன் கீழே கையெழுத்திட்டார். வில்லை மேசையின் இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் கொடுத்துக் கைகுலுக்கினார். வாழ்த்துகளும் சொன்னார். விதியில் அதுவும் இருந்தது.

"இப்ப நீங்க சுதந்திரமானவங்க" என்றார். "என்ன வேணும்னாலும் பேசலாம். அதே விதியில எனக்கும் ஒரு சுதந்திரம் இருக்கு. எந்த உலாவுக்கு யாரைக் கூப்பிடறதுன்னு என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

"தெரியுங்க."

அவர் நாட்காட்டியைத் திருப்பினார். அக்டோபர் நிறைந்திருந்தது. டிசம்பர் மாதத்துச் சந்தை நாட்களுக்கு வழிகாட்டிகள் கோடையிலேயே சண்டையிட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தது.

"நவம்பர். செவ்வாய்க்கிழமை. காலைல பத்து மணி. நாலு வாரம்."

"நவம்பர் செவ்வாய்க்கு யாருய்யா வருவா?" என்றார் அல்முட்.

"வந்தா வரட்டும். வராட்டி நான் என்ன பண்ண முடியும்?"

ரோஸ்வித்தா எழுதுகோலை வாங்கி நான்கு கட்டங்களிலும் தன் பெயரை எழுதினாள். "கூட்டம் கம்மின்னா குரலை உயர்த்த வேண்டியதில்லை" என்றாள். கிடங்குக்கும் விண்ணப்பம் போடத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான்கு செவ்வாய்க்கிழமைகளில் எவரும் வாழ முடியாது. செவ்வாய்தோறும் விடுப்புத் தருவார்களா என்று திங்களன்று கேட்டுக்கொள்ளலாம்.

கேட்டாள், தந்தார்கள், மாலை வேலைக்கு மாறச் சம்மதித்ததால்.

நவம்பர் முதல் செவ்வாயன்று மழை தூறிக்கொண்டிருந்தது. நான்கு பேர் வந்தார்கள்: ஒரு கணவன் மனைவி, அவர்கள் மகள், தனியாக வந்த மருத்துவச்சி ஒருவர். கோபுரத்தின் முன்னே ரோஸ்வித்தா வெடிமருந்தையும் தபால் அட்டையையும் லீஸ்பெத்தையும் பற்றி நான்கு வாக்கியங்கள் பேசினாள். எதிர்க்கடையின் கதவு திறந்தது. கடைக்காரி மாரியன் வெளியே வந்தாள்; திரைச்சீலைப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் இவளுக்கு அடுத்த மேசையில் நின்றவள்.

"நீ பேசறது உள்ள வரைக்கும் கேக்குது, ரோஸ்வித்தா."

"மெதுவாத்தான் பேசறேன், மாரியன்."

"நாலே நாலு பேர் வர்றாங்க. அந்த நாலு பேரையும் இப்படித் திருப்பி அனுப்பினா நான் என்ன பண்றது?"

"நான் யாரையும் உன் கடைக்குப் போக வேண்டாம்னு சொல்லல."

"சொல்லத்தான் வேணுமா?" என்றாள் மாரியன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் கண்ணாடிக்குப் பின்னே தொங்கிய பொம்மைகளைப் பார்த்தாள். தாய் மகளைப் பார்த்தாள். மருத்துவச்சி குடையைத் தாழ்த்தி, "அவங்களை எங்க வச்சிருந்தாங்க?" என்று கேட்டார்.

ரோஸ்வித்தா நால்வரையும் நகர மன்றத்துப் பக்கம் அழைத்துப் போனாள்.